இடப்பக்கக் கதவு

என் வீட்டுக்காரர் முத்துலிங்கத்துக்கு மூத்த தாரம் அவருடைய பழைய மொரிஸ் மைனர் கார். நான் இளைய தாரம்தான். தேயிலைத் தோட்டத்துத் துரைக்கு டிரைவராக இருந்தபோது இவர் ஓட்டிய கார் அது. துரை ஊரைவிட்டுப் போகும்போது இவருக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

இடப்பக்கக் கதவின் பூட்டு தேய்ந்து, வளைவுகளில் தானாகத் திறந்துகொள்ளும். "கையால புடிச்சுக்க, ராணி" என்பார். பத்து வருஷம் பிடித்துக்கொண்டுதான் போனேன். ஆறு வாரத்துக்கு முன்னால், டிக்கோயா போகிற வழியில், கதவோடு நானும் வெளியே போனேன். மணிக்கட்டு முறிந்தது.

"இனி உங்க கார்ல ஏறவே மாட்டேன்" என்றேன். என் பிடிவாதம் எங்கள் லயத்தில் எல்லா வீட்டுக்கும் தெரியும்.

அவர் மறுநாளே பூட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். தேய்ந்த நாக்குக்கு ஹட்டனில் வெல்டிங் வைத்து வந்து, அரத்தால் ராவிக்கொண்டே இருந்தார். அது போய் மாட்டுகிற தகட்டைப் தேயிலைச் செடி வெட்டுகிற பழைய கவ்வாத்துக் கத்தியிலிருந்து வெட்டினார். பூட்டுவார், வெளியே நின்று இழுத்துப் பார்ப்பார், மறுபடி கழற்றுவார். நடுவில் கையைக் கழுவிக்கொண்டு வந்து எனக்குத் தலை பின்னிவிடுவார். பின்னல் கோணலாகத்தான் வரும். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

இன்று கட்டுப் பிரிக்கிற நாள். பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏறு ராணி. இனிமே தொறக்காது. நூறு தடவ இழுத்துப் பாத்துட்டேன்."

அந்த முகத்தைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. ஏறினேன். விழுந்த வளைவு வந்ததும் கார் நடை வேகத்துக்கு வந்தது. கதவு அசையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கக் கைப்பிடியைத் திருகினேன். திறக்கவில்லை. மறுபடி திருகினேன். அவர் முகம் வெளிறிப்போனது.

"வெளிய நின்னே இழுத்துப் பாத்தேன். உள்ள உக்காந்து பாக்கவே இல்லயே."

ஆறு வாரமும் கதவு திறக்கக்கூடாது என்பதிலேயே இருந்த மனுஷனுக்கு, நான் இறங்க வேண்டும் என்பது மறந்தே போயிருக்கிறது. இறங்கி, காரைச் சுற்றி ஓடிவந்து, வெளியிலிருந்து திறந்துவிட்டார்.

துரையின் சம்சாரம் துரைசாணிக்கு இப்படித்தான் ஓடிவந்து இதே கதவைத் திறப்பார். கொழுந்து பறித்துக்கொண்டே எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் எனக்கு ஒருநாளும் திறந்ததில்லை.

"சாயங்காலமே கழட்டிச் சரி பண்ணிடுறேன்" என்றார்.

நல்ல கையால் அவர் தோளைப் பிடித்து மெதுவாக இறங்கினேன்.

"அவசரமில்லைங்க. கொஞ்ச நாளைக்கு இப்படியே இருக்கட்டும்."