இரண்டாவது குரல்

நாற்பதை நெருங்கியும் வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். அண்ணன் பெரியவன், இவள் சின்னவள். அப்பா கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்துவிட்டது. கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தபோது கல்யாணம் வந்தது, படிப்பு பாதியில் நின்றது. பிறகு துணிக்கடையில் பில் போடும் வேலை. "அதுவும் கணக்குதானே" என்று கணவன் கேலி செய்வான். அவளும் சிரித்து வைப்பாள்.

பாதியில் விட்டவர்கள் வீட்டிலிருந்தே பட்டம் வாங்கலாம் என்று பல்கலைக்கழகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பாடம், பரீட்சை எல்லாமே இணையத்தில். யாரோ அவளை மனதில் வைத்துக்கொண்டே யோசித்தது போலிருந்தது. ஏனென்றால் அப்போது அவளால் வீட்டை விட்டு நகர முடியாது. காலமெல்லாம் பஸ் ஓட்டிய அப்பாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. அம்மா போய்ச் சேர்ந்து வெகுநாளாகிவிட்டது. பெரியவன் வெளியூரில்; வாராவாரம் வீடியோவில் முகம் காட்டுவதோடு அவன் கடமை முடிந்தது. அவள் கடைக்குப் போகும் நேரத்தில் மட்டும் மாடி வீட்டு அக்கா அப்பாவைப் பார்த்துக்கொள்வார்.

சமையல் மேடையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பாடம் கேட்பாள். பேராசிரியை ஒருவர் நிறுத்தி நிதானமாக நடத்துவார். "புரியலன்னா வெக்கப்படாம பின்னாடி போய்க் கேளுங்க" என்பார். "புரியல மேடம்" என்று இவள் காய் நறுக்கிக்கொண்டே போனுக்குப் பதில் சொல்வாள். யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு அப்பா எட்டிப் பார்ப்பார்.

கடைசி வருடத்தில் அவர் அவளையே மறந்துவிட்டார். அவளைத் தன் அம்மா என்று நினைத்துக்கொண்டார். "அம்மா, பஸ் எடுக்க நேரமாச்சு" என்று பரிதவிப்பார். முதலில் திருத்திப் பார்த்தாள். நான்தான்பா, உங்க சின்னவ என்று சொல்லி அழுதும் பார்த்தாள். அவர் மிரண்டதுதான் மிச்சம். பிறகு அவளே இறங்கி வந்தாள். வாழ்நாளெல்லாம் தான் 'வாங்க போங்க' என்று பேசிய மனிதரிடம், "சாப்பிட்டுட்டுக் கிளம்புடா கண்ணா" என்று சொல்லப் பழகினாள். முதல் தடவை சொன்னபோது நாக்கு கூசியது.

கடைசித் தேர்வு வந்தது. அறையில் தனியாக இருக்க வேண்டும், பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. கேமராவும் மைக்கும் கவனித்துக்கொண்டே இருக்கும். அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை. மாடி வீட்டு அக்காதான் அப்பாவை மேலே கூட்டிக்கொண்டு போனார். சின்னவள் கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் மட்டும் போடவில்லை. பூட்டிய கதவைக் கண்டால் அப்பா அலறுவார்.

பாதித் தேர்வுக்கு மேல் மளமளவென்று ஓடிவிட்டது. கடைசிக் கணக்கில் இறங்கியிருந்தபோது முதுகுக்குப் பின்னால், "அம்மா" என்று கேட்டது. அக்கா கண் அசந்துவிட்டிருந்தார். அப்பா இறங்கி வந்துவிட்டார். உடை நனைந்து, கால் வழியே தரையில் வழிந்திருந்தது. திட்டு வாங்கப்போகிற பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

எழுந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். எழுந்தாள்.

"ஒண்ணுமில்லடா. வா, மாத்திக்கலாம்."

துடைத்து, உடை மாற்றி, உட்கார வைத்துவிட்டு வந்தபோது திரையில் தேர்வு மூடியிருந்தது.

நடந்ததை எல்லாம் இணையதளத்தில் எழுதி அனுப்பினாள். தொடர்பு கொண்டதற்கு நன்றி என்று உடனே ஒரு பதில் வந்தது. அதன்பிறகு பேச்சு மூச்சில்லை. பொறுக்க மாட்டாமல் பல்கலைக்கழகத்துக்கு நேரிலேயே போனாள். இணைய மாணவர்கள் இணையத்தில்தான் முறையிட வேண்டும் என்றார் கவுன்டரில் இருந்தவர். திரும்பி நடக்கும்போது தாழ்வாரத்தில் யாரோ பேசுவது கேட்டு நின்றுவிட்டாள். தினமும் அவள் சமையலறையில் ஒலித்த அதே குரல்.

பேராசிரியைக்கு இவளைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கூப்பிட்டு உட்கார வைத்து, முழுவதும் கேட்டார். எல்லாருக்கும் படிப்பு போய்ச் சேரணும் என்று இந்தத் திட்டத்துக்காக மேடை மேடையாகப் பேசியவர் அவர். "உங்க வீடு எப்படி இருக்கும்னு நாங்க யாரும் யோசிக்கவே இல்லம்மா" என்றார். விசாரணைக் குழுவில் தானும் இருப்பதாகவும், தன்னால் ஆனதைச் செய்வதாகவும் சொல்லி அனுப்பினார்.

செய்தும் பார்த்தார். ஆனால் குழுவில் மற்றவர்கள் மசியவில்லை. அறையில் இரண்டாவது குரல் பதிவாகியுள்ளது, தேர்வர் இருக்கையை விட்டு எழுந்துள்ளார், தாள் ரத்து, அடுத்த ஆண்டு எழுதலாம் என்று தகவல் வந்தது. கணவன் கொதித்தான். "மெஷினுக்கு அப்பான்னா என்ன தெரியும், விடுங்க" என்றாள் சின்னவள். அவள் மனசு விட்டதா என்றால் இல்லை. அடுப்படியில் போன் அதன்பின் பேசவில்லை.

குளிர்காலத்தில் அப்பாவுக்குச் சளி கட்டி நெஞ்சில் இறங்கியது. மருத்துவமனையில் கடைசிவரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா அம்மா என்றே போனார்.

அடுத்த ஆண்டுத் தேர்வை எழுத அவளுக்கு மனமே இல்லை. கணவன்தான் விடாப்பிடியாக உட்கார வைத்தான். வீடு அமைதியாக இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. நேரம் மிச்சமாகவே எழுதி முடித்தாள்.

முடிவு வந்த அன்று பேராசிரியையே போன் செய்தார். முதல் வகுப்பு என்று சொல்லும்போது அவருக்குத்தான் குரல் துள்ளியது. சின்னவள் நன்றி சொல்லிவிட்டுத் தயங்கினாள்.

"மேடம், போன வருஷப் பரீட்சைல எடுத்த வீடியோ எனக்குக் கிடைக்குமா? அப்பா பேசினது வேற எதுலயுமே இல்ல."

விசாரணை முடிந்ததும் பதிவை அழித்துவிடுவது விதி, அது எப்போதோ போய்விட்டது என்றார் பேராசிரியை. பிறகு, "நீங்க எழுந்தது ரெண்டாவது தப்புதாம்மா. மெஷின் முதல்ல பிடிச்சது அவர் அதுக்கு முன்னாடி பேசினதைத்தான்" என்றார்.

"முன்னாடியா? அம்மான்னு கூப்பிட்டாரே, அதுவா?"

"அதுக்கும் முன்னாடி. உங்களுக்குக் கேட்டிருக்கும்னு நெனச்சேன்."

பேராசிரியை சொன்னார். கதவைத் திறந்துகொண்டு வந்தவர் உடனே கூப்பிடவில்லை. நனைந்த உடையோடு வெகுநேரம் அப்படியே நின்றார். இவள் குனிந்து எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, பின்னால் யாரோ வருவது போலத் திரும்பி, உதட்டில் விரலை வைத்துக்கொண்டார்.

"'சத்தம் போடாத, சின்னவ படிக்கிறா'ன்னாரும்மா. அந்த ரகசியக் குரலைத்தான் மெஷின் பிடிச்சது."

சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். சின்னவ என்றா சொன்னார் என்று கேட்டாள். ஆமாம் என்றார். அந்த வருடம் முழுக்க, ஒரு தடவையாவது அந்தப் பெயர் அவர் வாயில் வராதா என்று அவள் ஏங்கிக் கிடந்தாள்.

"எப்படிச் சொன்னார் மேடம்? கோவமாவா?"

"இல்லம்மா. பெருமையா."

மாலையில் வேலை முடிந்து வந்த கணவன், கையில் இனிப்போடு, முடிவு என்ன ஆயிற்று என்று கேட்டான். பாஸ் என்றாள். பிறகு ஏன் அழுகிறாய் என்று கேட்டான். அவள் அப்பா இருந்த அறைக்குள் போய் விளக்கைப் போட்டாள்.