பினாங்கில் ஏறினால்தான் இடம்

எல்லோருக்கும் வணக்கம். சுகமா? இந்த மழைக்கு முட்டிவலிக்காரர்கள் எப்படி இருக்கிறீர்கள்? எனக்கு இடது முட்டி இரண்டு வாரமாகச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி நலம். இன்றைக்கு விமானக் கதை ஒன்று சொல்கிறேன். ஒற்றை விரலால் தட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா லூர்தம்மாள் மணப்பாறையில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இறந்துபோனாள். ஞாயிறு பூசை முடிந்து பத்து மணிக்கு அடக்கம். பெட்டியை மூடுவதற்கு முன்னால் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் தேவையில்லை. கிறிஸ்துமஸுக்கு அங்கே போவதாக இருந்ததால் விசா தயாராக இருந்தது.

பேத்தி ஷாரன் கைத்தொலைபேசியில் டிக்கெட் தேடினாள். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் போகும் சனிக்கிழமை இரவு விமானத்தில் இடமே இல்லை. ஆனால் பினாங்கில் ஏறி, கோலாலம்பூரில் மாறிப் போனால், அதே விமானத்தில் ஓர் இடம் இருந்தது.

“இது என்னடி கூத்து? ஒரே ப்ளேன். கேஎல்ல ஏறினா சீட் இல்ல, பினாங்குல ஏறினா இருக்கா?”

“அப்படித்தான் விப்பாங்க பாட்டி. மாறிப் போறவங்களுக்குன்னு கொஞ்சம் தனியா வச்சிருப்பாங்க. கேள்வி கேக்காதீங்கலா, வாங்கிட்டேன்.”

பினாங்கு விமானம் சனி மாலை ஐந்தரைக்கு. நானும் மகன் ரொனால்டும் காலை பத்து மணிக்கே மலைமேல் இருக்கும் எங்கள் கம்போங் ராஜாவிலிருந்து காரில் கிளம்பினோம். ஈப்போ பக்கம் இறங்கும் பாதையில் இருபது நிமிடம்கூடப் போயிருக்க மாட்டோம். மலைச்சரிவு அப்படியே சாலையில் கிடந்தது. சிவப்பு மண், வேரோடு மரம், மேலே ஒரு மின்கம்பம். போலீஸ்காரர் கையை ஆட்டித் திருப்பி அனுப்பினார். எப்போது திறப்பீர்கள் என்று கேட்டதற்கு வானத்தைப் பார்த்தார்.

“என்னடா பண்றது?” என்றேன்.

ரொனால்டு தலையைச் சொறிந்தான். “பினாங்கு எதுக்குமா? அது சும்மா சுத்து. ப்ளேன் கேஎல்லதான நிக்கப்போவுது? மலைக்கு மறுபக்கம் தாப்பா வழியா நேரா கேஎல் போயிருவோம். போர்டிங் பாஸ்தான் போன்ல இருக்கே.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எஸ்டேட்டில் அப்படித்தானே? ஆள் ஏற்றும் லோரியை லயத்து வீட்டடியில் விட்டுவிட்டால், தேயிலைக் கொழுந்துக் காட்டுக்குள் குறுக்கே ஓடி அடுத்த வளைவில் ஏறிக்கொள்வோம். கங்காணி பெயரை அடிக்கவே மாட்டார்.

காரைத் திருப்பினோம். அன்றைக்குப் பள்ளி விடுமுறையின் முதல் நாள் என்பது இரண்டு பேருக்கும் நினைவில்லை. கோலா தெர்லா தாண்டியதும் வண்டிகள் ஊர்ந்தன. திரிங்காப் வந்ததும் நின்றுவிட்டன. முன்னால் சுற்றுலா பஸ், பின்னால் கோஸ் ஏற்றிய லோரி, ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டம். மணி ஒன்றரை. பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒரு சின்னப் பெண் எனக்கு நாக்கை நீட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு மணி நேரம் அதே நாக்குத்தான்.

சாலையோரம் பூ விற்கும் திலகா எங்களைப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் ஏர்போர்ட் கவுண்டரில் வேலை செய்தவள். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த பூக்கட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஐயோ ஆண்ட்டி! பினாங்குல ஏறலன்னா கேஎல் சீட்டும் போயிரும்.”

“காசு குடுத்து வாங்குன சீட்டு எப்படிமா போவும்?”

“மொத ப்ளேன்ல ஆள் வரலன்னா, மிச்சம் எல்லாத்தையும் சிஸ்டமே அடிச்சிரும். திரும்பி வர்ற டிக்கெட்டையும் சேத்து. கவுண்டர்ல எத்தன பேரு அழுது பாத்திருக்கேன் தெரியுமா? ரொனால்டு, நீ இத கோஸ் லோரின்னு நெனச்சியா, வழியில கை காட்டி ஏறிக்க?”

“எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் ஏறுனதே ரெண்டு தடவ.”

“ஐந்தரைக்கு முன்னால போன் பண்ணிச் சொல்லு. அதுக்கப்புறம் சாமியே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது.”

என் போனிலிருந்து கூப்பிட்டான். ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்து, மலாய்க்கு இரண்டை அழுத்து என்றது. பிறகு பாட்டு. ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்று நடுவில் ஒரு குரல். இருபது நிமிடம் பாட்டுக் கேட்டபின் லைன் அறுந்தது. மறுபடி ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து. காரின் ஜன்னலை இறக்கினால் லோரிப் புகை, ஏற்றினால் மூச்சு முட்டியது.

மூன்றே முக்காலுக்கு ஒரு பெண் எடுத்தாள். திலகாவே போனை வாங்கி ஆங்கிலத்தில் படபடவென்று பேசினாள். சாலை மூடியது, சாவு வீடு, எல்லாம் சொன்னாள். அப்புறம் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“ஆண்ட்டி, கேஎல்லேர்ந்து மட்டும் மாத்தித் தர முடியாதாம். நாளைக்கு இதே மாதிரி, பினாங்கு அஞ்சரை, கேஎல் வழியா திருச்சி. அதுக்குச் சும்மாவே மாத்தித் தராளாம். வேணுமா வேணாமான்னு இப்பவே சொல்லணும்.”

நாளைக்கு ஐந்தரை என்றால், அக்கா மண்ணுக்குள் போய் எத்தனை மணி நேரம்?

“ரெண்டு நிமிசம் இருக்கச் சொல்லுமா.”

ரொனால்டின் போனில் அக்கா மகன் ஆர்தரைக் கூப்பிட்டேன்.

“ஆர்தர், திங்கக்கிழமை வரைக்கும் வச்சிருக்க முடியுமாப்பா?”

போனில் அவனுக்குப் பின்னால் செபமாலைச் சத்தம் கேட்டது.

“சித்தி, ஐஸ் பெட்டியே சரியா வேலை செய்யல. அம்மா மொகம் மாறிட்டு வருது. நீங்க சொன்னா வைக்கிறேன். ஆனா நீங்க பாக்குறப்ப அம்மா மாதிரி இருக்க மாட்டாங்க.”

“வேணாம்பா. பூசை முடிஞ்சதும் எடுத்துருங்க.”

திலகாவிடம் தலையாட்டினேன். அவள், “யெஸ், டுமாரோ” என்றாள். முடிந்தது.

போனை நோண்டிக்கொண்டிருந்த ரொனால்டு திடீரென்று நிமிர்ந்தான். “மா! இன்னைக்கு ராத்திரி கேஎல்-திருச்சி, ஒரு சீட் காட்டுது!”

திலகா எட்டிப் பார்த்தாள். “அது ஆண்ட்டி இப்ப விட்ட சீட்டாத்தான் இருக்கும்.”

“எடுத்துரவாமா? ஒம்பதுக்குள்ள கவுண்டருக்குப் போயிட்டா போதும்.”

நான் முன்னால் பார்த்தேன். பஸ் அங்கேயேதான் நின்றது. வழி காலியாக இருந்தாலே ஐந்து மணி நேரம்.

“எதுல போவ? பறந்தா?” என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். பாவம், அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் அந்த இடமும் திரையிலிருந்து போய்விட்டது. யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் பஸ் நகர்ந்தது. லோரிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

“எங்கம்மா போறது?” என்றான் ரொனால்டு.

வீடு எங்களுக்குப் பின்னால் இருந்தது. காரைத் திருப்ப இடமில்லை. அன்றைக்குப் போக வேண்டிய ஊர் எதுவும் இல்லாமலே முன்னால் போனோம்.

மறுநாள் தாப்பா வழியாகவே சுற்றிப் பினாங்குக்குப் போய் ஏறினேன். திங்கட்கிழமை அக்கா கல்லறையில் நான் பார்த்தது ஈர மண்ணையும் சாமந்தி மாலையையும்தான்.

உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? ஒரு விமானத்தை விட்டதால் மற்றதும் போய், பாதி வழியில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? எந்த ஊர், எந்தக் கவுண்டர், யாரைப் பார்க்கப் போனீர்கள், போய்ச் சேர்ந்தீர்களா என்று விவரமாக எழுதுங்கள். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்பேன்.