காலர் மடிப்பில் பதினொரு மாத்திரை

புதனும் சனியும் தையல்காரி மனநல மருத்துவமனைக்குப் போய், துவைத்த துணிப் பையைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு அழுக்குப் பையை வாங்கி வருவாள். உள்ளே இருப்பது அவளுடைய தம்பி. அப்பா அம்மா போனபின் பதினாறு வருஷமாக அவனுக்குச் சோறும் மாத்திரையும் எடுத்துக் கொடுத்தவள். இந்தத் தடவை சேரும்போதே அவன், தன்னைப் பற்றி வீட்டாரிடம் மூச்சு விடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். வீட்டார் என்றால் பெரிய பட்டாளமா என்ன, அவள் ஒருத்திதான். துணியை மட்டும் அவள் துவைக்கலாம் என்று பெரிய மனசு பண்ணியிருந்தான்.

“சாப்பிடுறானா சிஸ்டர்?”

“சொல்லக் கூடாதுக்கா.”

“தூங்கவாவது தூங்குறானா?”

நர்ஸ் அழுக்குப் பையை எடுத்து நீட்டினாள். சரிதான், இதுகள் வாயைத் திறக்காது என்று தையல்காரி துணியிடமே கேட்டுக்கொண்டாள். காலரில் சோப்பு வாசனை அடித்தால் குளிக்கிறான். மார்பில் சாப்பாட்டுக் கறை இருந்தால் சாப்பிடுகிறான். கறையைப் பார்த்துச் சந்தோஷப்படும் பிழைப்பு யாருக்கும் வரக் கூடாது.

ஒரு புதன்கிழமை நீலச் சட்டையின் காலர் விரலில் நெருடியது. உள்பக்கம் கொஞ்சம் பிரிந்திருந்தது. அவள் போட்ட தையல் தானாகப் பிரியாது. உதறினாள். பதினொரு மாத்திரை கொட்டியது. போன தடவை மாத்திரையை நிறுத்தியபோது அவனை ரயில் தண்டவாளத்திலிருந்துதான் இழுத்து வந்தார்கள்.

டாக்டரிடம் சொன்னால் போட்டுக்கொடுத்தது யார் என்று அவன் யோசிக்கவே வேண்டாம். அந்தக் காலரைத் தொடுகிறவள் உலகத்தில் ஒருத்திதான். அப்புறம் இந்தத் துணிப் பையும் போய்விடும். அன்று முழுக்க அவளால் மிஷினில் உட்கார முடியவில்லை.

மறுநாள் டாக்டர் அறையில் மாத்திரைகளைக் கட்டிய முடிச்சை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அவரைப் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க சொன்னா கேட்டுக்குவேன்.”

“நான் சொன்னேன்னு அவனுக்குத் தெரியாம வெச்சுக்குவீங்களா டாக்டர்?”

“எழுதி வைக்கணும்மா. அவர் கேட்டா பொய் சொல்ல மாட்டேன்.”

நல்ல நியாயம்! அவனுக்கு ஆயிரம் ரகசியம், அவளுக்கு ஒன்றுகூடக் கிடையாது. முடிச்சை அவிழ்த்து மேஜையில் வைத்தாள்.

“எழுதிக்குங்க. அக்காதான் சொன்னான்னே எழுதுங்க.”

சனிக்கிழமை பை வரவில்லை. அடுத்த புதனும் இல்லை. “இல்லக்கா” என்பதற்குமேல் நர்ஸும் பேசவில்லை. ஆனாலும் அவள் தவறாமல் போய், கவுண்டருக்கு எதிர் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். வீட்டில் ஒரு ஆள் துணி துவைக்க எவ்வளவு நேரம் ஆகும்? பொழுது நகரவே மாட்டேன் என்றது.

ஆறாவது வாரம் நர்ஸ் மடித்த காகிதம் ஒன்றை நீட்டினாள். “அவரே கொடுக்கச் சொன்னாருக்கா.”

‘இனிமேல் வராதே. என் துணியை நானே துவைத்துக்கொள்கிறேன். நீ என்னைக் காட்டிக்கொடுத்தாய்.’

அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். நோய் முற்றினால் அவன் எழுத்து காகிதம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். பாதி வாக்கியத்தில் ஆளே காணாமல் போய்விடுவான். இதில் ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. கோபப்பட்டிருந்தான், அதையும் கடைசிவரை சொல்லி முடித்திருந்தான்.

கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. சொல்வதற்கு அவளுக்கு எதிரே இருந்த ஒரே மனுஷி அந்த நர்ஸ்தான்.

“என் தம்பி தேறிட்டான் சிஸ்டர்.”

“அதை நான் சொல்லக் கூடாதுக்கா.”

“நீ சொல்ல வேணாம்மா. நான்தானே சொல்றேன்.”