ஊரார் வீட்டு முட்டைகள்

புயல்காற்று வருவதற்கு முன்பே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். திண்டிவனத்தில் மரக்காணம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், இதற்கென்றே வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில், காயத்ரியும் சுகுமாரும் ஒரு பழைய ஃப்ரிட்ஜின் முன்னால் உட்கார்ந்து அதன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்தால் உள்ளே இருக்கிற சூடு போய்விடும். திறக்காவிட்டால் உள்ளே என்ன ஆகிறதென்று தெரியாது.

அந்த ஃப்ரிட்ஜ் எதையும் குளிரவைத்து வெகுகாலம் ஆயிற்று. சுகுமார் தன் ஊரான வளவனூரில் ஒரு காயலான் கடையிலிருந்து தூக்கிவந்தது. இருவரும் கல்லூரியில் விலங்கியல் மூன்றாம் வருடம். கோழிக் கரு எப்படி வளர்கிறது என்று பாடம் நடந்த வாரத்தில்தான் அவனுக்கு இந்த யோசனை பிறந்தது. உள்ளே குண்டு பல்புகள், காற்றைச் சுற்றிவிட ஒரு சின்ன விசிறி, சூடு ஏறினால் தானாக அணைகிற தெர்மோஸ்டாட், ஈரப்பதத்துக்கு ஒரு தட்டில் தண்ணீர். முட்டை பொரிக்கிற பெட்டி தயார்.

ஆனால் முட்டைக்கு எங்கே போவது? அதற்கு வழி சொன்னது காயத்ரி. அவளுக்குப் பிரம்மதேசம். ஊரில் வீட்டுக்கு வீடு நாட்டுக்கோழி திரியும். கோழி அடையில் உட்கார்ந்துவிட்டால் முட்டையிடுவதை நிறுத்திவிடும். குஞ்சு பொரித்து, அதுகளை மேய்த்து ஆளாக்கி, மறுபடி அது முட்டையிட மாசக்கணக்காகும். அந்த முட்டைகளை எங்களிடம் கொடுங்கள், நாங்கள் பொரித்துத் தருகிறோம், பாதிக் குஞ்சு உங்களுக்கு, பாதி எங்களுக்கு என்று அவள் தெருத்தெருவாகப் போய்க் கேட்டாள். முதலில் சிரித்தார்கள். எதிர்வீட்டுப் பாஞ்சாலிதான், பாவம் படிக்கிற பெண் என்று, ஒரு கூடை கொடுத்தாள். முதல் ஈடு நன்றாகப் பொரிந்தது. இரண்டாவதும் அப்படியே. பாஞ்சாலி தன் வீட்டுக்கு வந்த குஞ்சுகளைக் காட்டிக் காட்டியே ஊரைத் திருப்பிவிட்டாள். மூன்றாவது ஈட்டுக்கு ஊரே முட்டை கொடுத்தது. ஊர்க்கோடியில் ஒண்டியாக இருக்கிற சின்னபொண்ணு கூட, இருந்த ஒரே கோழியின் முட்டைகளை ஒன்று விடாமல் முந்தானையில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். யாருடையது எதுவென்று தெரிய, ஓட்டின் மேல் பென்சிலால் எழுத்துப் போட்டு அடுக்கினார்கள். இருநூறுக்கும் மேலே.

பொரிய இன்னும் இரண்டு மூன்று நாள்தான் பாக்கி இருந்தது. அந்தச் சமயத்தில் இந்தப் புயல்.

இரவெல்லாம் வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தும் எடுத்தும் ஒப்பேற்றினார்கள். விடிகிற நேரத்தில் கேஸ் தீர்ந்துபோனது. சந்தில் முழங்கால் தண்ணீர். தெர்மாமீட்டர் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. காயத்ரி ஒரு முட்டையை எடுத்துக் காதோரம் வைத்துப் பார்த்தாள். உள்ளேயிருந்து மெல்லிய கீச்சு ஒன்று கேட்டது. உடனே அதைத் திரும்ப உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

செத்துக்கொண்டிருந்த போனில் சுகுமார் தன் மாமா தேவநாதனைப் பிடித்தான். அவர் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறவர். மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது, கொண்டுவா என்றார். இரண்டு அன்னக்கூடைகளில் வைக்கோலும் துண்டுகளும் பரப்பி, முட்டைகளை அடுக்கி, மேலே காயத்ரியின் போர்வையைப் போர்த்தினார்கள். காய்கறி இறக்கிவிட்டுத் திரும்புகிற ஒரு மினி லாரியைக் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தினார்கள். டிரைவர், பெயர் சகாயராஜ், கூடையை எட்டிப் பார்த்துவிட்டு முன்னால் ஏறிக்கொள்ளச் சொன்னார். புறவழிச் சாலையில் பல இடங்களில் தண்ணீர் நின்றதால் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனது. ஆளுக்கொரு கூடையை மடியில் வைத்து, உடம்புச் சூடாவது கிடைக்கட்டும் என்று அதன்மேல் கவிழ்ந்துகொண்டே போனார்கள். விழுப்புரம் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

மண்டபத்தில் கல்யாணம் நின்றுபோயிருந்தது. தாழ்வான தெருக்களிலிருந்து வந்த சனங்கள் குழந்தை குட்டிகளோடு ஹால் முழுக்கப் படுத்திருந்தார்கள். ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்து ஒரு மணி நேரம் ஆயிற்று என்றார் தேவநாதன். எந்தப் பெட்ரோல் பங்கிலும் கிடைக்கவில்லையாம். சுகுமார் கூடையோடு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

எரிந்துகொண்டிருந்தது சமையல்கட்டு மட்டும்தான். கல்யாணத்துக்கு வந்த அரிசியையும் காய்களையும் வந்திருந்தவர்களுக்கே பொங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய விறகடுப்புக்கு அப்பால், சுவரோரம் கூடைகளை வைத்துக்கொள்ளச் சமையல்காரர் ஜெகதீசன் இடம் கொடுத்தார். சுகுமார் தெர்மாமீட்டரை முட்டைகளுக்கு நடுவே செருகி, கூடையை முன்னும் பின்னும் நகர்த்தி, சூடு சரியாக நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்தான். ஒரு மணி நேரத்தில் கூடைகளுக்குள்ளிருந்து மறுபடி கீச்சொலி கேட்டது. காலையைவிட அதிகமாகவே கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

அப்போதுதான் வளவனூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் சுகுமாரை அடையாளம் கண்டுகொண்டார். அவன் தெருவுக்குள் ஏரித் தண்ணீர் வந்துவிட்டதாம். அவன் அம்மா பக்கத்து வீட்டு மாடியில் நிற்பதைப் பார்த்தாராம், தங்கையைப் பார்க்கவில்லையாம். சுகுமார் சடாரென்று எழுந்தான். தெர்மாமீட்டரை உருவி ஒருமுறை பார்த்தான், சூடு சரிதான் என்று தலையை ஆட்டினான்.

"காயத்ரி, நான் போயே ஆவணும். நீ பாத்துக்கினு இரு. இந்த எடத்த விட்டு நகத்தாத."

"ஜல்தியா போ. இது ஒண்ணும் ஆவாது."

அவன் ஓடினான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் காயத்ரி தெர்மாமீட்டரைத் தேடினாள். கூடையில் இல்லை, கீழேயும் இல்லை. பார்த்த கையோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். போன் செய்தால் போகவில்லை.

சும்மா ஒரு மூலையை அடைத்துக்கொண்டு இருப்பது அவளுக்கே கூச்சமாக இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆள் பற்றவில்லை என்று ஜெகதீசன் புலம்பியபோது அவளாகவே எழுந்து போனாள். பின்கட்டில் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த தொட்டியில் அரிசி களைந்தாள். அண்டா அண்டாவாகக் களைந்தாள். விரல்கள் விறைத்துப் போயின. நடுநடுவே ஓடிவந்து போர்வைக்குள் கையை விட்டு முட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாகத்தான் தெரிந்தது. போதாதோ என்று தோன்றியது. சுகுமார் நகர்த்தாதே என்றான்தான். ஆனால் அப்போது அடுப்பு எப்படி எரிந்தது, இப்போது எப்படி எரிகிறது? கூடைகளை ஒரு சாண் அடுப்பை நோக்கி நகர்த்தினாள். திரும்பவும் போய் அரிசி களைந்தாள். திரும்பவும் வந்து தொட்டாள். இன்னும் ஒரு சாண்.

களைந்து முடித்து, துப்பட்டாவில் கையைத் துடைத்து, அடுப்பின் முன் நின்று விரல்களை அனலில் காட்டினாள். விரல்களுக்கு உயிர் வந்தது. அந்தக் கையோடு போய் ஒரு முட்டையை எடுத்தவள் சடக்கென்று கீழே வைத்தாள். சுட்டது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. குளிர்ந்தது முட்டைகள் அல்ல. விறைத்துப்போன தன் கைக்குத்தான் சூடு உறைக்கவில்லை.

கூடைகளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். போர்வையை எறிந்துவிட்டு முறத்தால் விசிறினாள். ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் காதில் வைத்தாள். ஒன்றிலும் சத்தமில்லை. நாலைந்து முட்டைகளில் குஞ்சுகள் மூக்கால் தட்டி ஓட்டில் சின்ன விரிசல் விட்டிருந்தன. அந்த விரிசல்களும் அப்படியே நின்றிருந்தன. ஜெகதீசன் வந்து பார்த்தார். பிறகு அவளுக்கு ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தார். அவள் தொடவில்லை.

சனங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் எங்கிருந்தோ சிக்னல் வந்து போன் அடித்தது. பாஞ்சாலி.

"யம்மா காயத்ரி, நல்லா இருக்கியாடி? உங்கம்மா பதறிக்கினு இருக்குது. இங்க ஊரே தண்ணி. கோழி கூண்டோட மெதந்துடிச்சி. எங்களுது, சின்னபொண்ணுது, எல்லார் வூட்டுதும் போயிடிச்சி. இனிமே உங்கிட்ட கீற முட்டதான் எங்களுக்கு. முட்ட நல்லா இருக்குதா?"

காயத்ரி தன் காலடியில் இருந்த கூடையைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது அத்த," என்றாள்.

"எங்க வயித்துல பால வார்த்தம்மா. நான் எல்லாருக்கும் சொல்லிடறன்."

போன் அணைந்தது. அதைச் சொன்னபோது அவள் மனதில் எந்தத் திட்டமும் இல்லை. வேறு எந்த வார்த்தையும் வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் டீசல் வந்தது. தேவநாதன் தந்த ஒரு பல்பின் கீழ் முட்டைகளை வைத்து, எதற்கென்று தெரியாமலேயே காத்திருந்தாள். அடுப்புக்கு மறுபக்கமாக, இரண்டாவது கூடையின் அடியில் கிடந்தவற்றில் சில பொரிந்தன. கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். அவையும் ஓட்டை நொறுக்கிக்கொண்டு வெளியே வந்து ஒன்றாக உருண்டு கிடந்ததில் எது யார் வீட்டு முட்டை என்று சொல்ல முடியவில்லை. மற்றவற்றைச் சுகுமாரின் மாமாதான் மண்டபத்துக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தார்.

பஸ் ஓட ஆரம்பித்த அன்று காயத்ரி அட்டைப்பெட்டியோடு ஊருக்குப் போனாள். தெருவில் இன்னும் சேறு காயவில்லை. அவள் வருவது தெரிந்து பெண்கள் பாஞ்சாலி வீட்டு வாசலில் கூடியிருந்தார்கள். சிலர் கையில் கூடை இருந்தது. ஒருத்தி குஞ்சுகளுக்கென்று கேப்பைக்குருணையை முறத்தில் புடைத்து வைத்திருந்தாள். காயத்ரி பெட்டியைத் திறந்து கீழே வைத்தாள். மீதி எங்கே என்று யாரும் உடனே கேட்கவில்லை. பின்னால் இன்னொரு பெட்டி வருகிறது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். தெர்மாமீட்டரைப் பற்றிச் சொல்லவில்லை. அடுப்புக்கு அருகே நகர்த்தியது நான்தான் என்று மட்டும் சொன்னாள். பிறகு ஒருத்தி, படிச்ச பிள்ளைங்க கையில கொடுத்ததுக்கு நாமே ஆக்கித் தின்றிருக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். இருக்கிறதை எப்படிப் பங்கு போடுவது என்று இன்னொருத்தி கேட்டாள். பாஞ்சாலி பெட்டியை எடுத்துச் சின்னபொண்ணு கையில் கொடுத்தாள்.

"இவளுக்கு வேற ஒண்ணுமில்ல. இவளே வெச்சிக்கட்டும். யாராச்சும் கேக்கறீங்களா?"

யாரும் கேட்கவில்லை. பாஞ்சாலி வீட்டுக்குள் போய்விட்டாள். காயத்ரியை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

சுகுமாரின் தங்கை பத்திரமாக இருந்தாள். வீட்டுச் சுவர் ஒன்று விழுந்திருந்தது. கல்லூரி திறந்த பிறகு அவன் தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன் வந்து நின்றான். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். கோபப்பட அவளிடம் தெம்பில்லை. நான் எடுத்துக்கொண்டு போகாமலிருந்தால் என்று அவன் ஆரம்பிக்க, நான் கையை நம்பாமலிருந்தால் என்று அவள் சொல்ல, இருவரும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். பிறகு அறைக்குப் போய் அவன் சேறு படிந்த ஃப்ரிட்ஜைக் கழுவினான். கரண்ட் இல்லாவிட்டாலும் பேட்டரியில் ஓடுகிற மாதிரி செய்துவிடலாம், மறுபடி ஆரம்பிப்போம் என்றான்.

"முட்ட யாரு குடுப்பா, சுகு?"

அவன் ஃப்ரிட்ஜின் கதவைச் சாத்தினான்.

காயத்ரி தினமும் பஸ்ஸுக்குப் போகும்போது பாஞ்சாலி வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அம்மா சௌந்தரத்தோடு பாஞ்சாலி பழையபடி பேசினாள், குழம்பு கொடுத்து வாங்கினாள். காயத்ரி வந்தால் மட்டும் எழுந்து உள்ளே போனாள். பொங்கல் கழிந்தும் அது மாறவில்லை. ஒருநாள் காலை காயத்ரி பொறுக்கமாட்டாமல் நேராக அந்த வாசலுக்குள் போனாள். பாஞ்சாலி நனைந்து காய்ந்த மல்லாட்டைக் கடலையைப் பரப்பி, விதைக்கு ஆகுமா என்று பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்த, என்ன நாலு அடி அடிச்சிடு. இப்பிடி பேசாத இருக்காத."

பாஞ்சாலி நிமிரவில்லை. பொறுக்கிக்கொண்டே பேசினாள்.

"முட்ட போனா போவுது. ஊர்ல கோழியே போயிடிச்சி, முட்டைக்கு இன்னா. ஆனா நான் போன் பண்ணப்ப நல்லா இருக்குதுன்னியே. நான் அத நம்பிக்கினு வூடு வூடா போய் சொன்னேன். சின்னபொண்ணு அன்னிக்கி தான் சோறு தின்னா. நீ என்ன ஊரு முன்னாடி பொய்க்காரி ஆக்கிட்ட."

காயத்ரி பேச வாயெடுத்தாள். என்ன சொன்னாலும் அது சமாதானம் சொல்வதாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

"ஆமா அத்த," என்றாள்.

பாஞ்சாலி கையிலிருந்த சொத்தைக் காயை விட்டெறிந்தாள். "பஸ்ஸு வர்ற நேரமாவுது, போ," என்றாள். போகச் சொன்னதா, பேச ஆரம்பித்ததா என்று காயத்ரிக்குத் தெரியவில்லை. ரோட்டில் பஸ் ஹாரன் அடிக்கிற சத்தம் கேட்டது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.