குளிப்பாட்ட விடாதவள்

காலில் முள் குத்தினால் தெருவையே கூட்டிக் காட்டுகிறோம். பல்வலி வந்தால் வாயைத் திறந்து காட்ட நமக்கு வெட்கமில்லை. ஆண்டவன் மறைத்து வைத்த இடத்தில் ஒரு நோவு வந்துவிட்டால் மட்டும் மனிதன் திருடனாகிவிடுகிறான். அந்த லிஃப்ட் மெக்கானிக்கும் அப்படித்தான் ஆனான். பக்கத்துத் தெருவிலேயே நல்ல டாக்டர் இருந்தார். அவரை விட்டுவிட்டு, தெரிந்த முகம் ஒன்றுகூட எதிர்ப்படாத நகரத்தின் அடுத்த கோடிக்குப் போய், ஒரு பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்தபடி தன் முறைக்குக் காத்திருந்தான்.

டாக்டர் பார்த்தார். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.

"சர்க்கரை இருக்கா?"

"இருக்கு சார்."

"இது எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளாத்தான் சார்."

"கொஞ்ச நாள்னா?"

"ஒரு வருஷம் இருக்கும்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "தோல் இறுகிப் போச்சு, பின்னால நகரவே இல்ல. உள்ள ஒரு புண்ணு தட்டுப்படுது. அது என்ன புண்ணுன்னு தெரியாம இனிமே களிம்பு பூசிக்கிட்டு இருக்க முடியாது. முன்தோலை எடுத்துடணும். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பணும்."

"எடுக்கறதுன்னா... சுன்னத்தா சார்?"

"அதேதான்."

"எனக்கு நாப்பத்தாறு வயசு சார்."

"இருக்கட்டுமே. மரத்துப் போக ஊசி போடுவோம். காலையில வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம். குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா?"

"இல்ல சார். அண்ணன் ஒருத்தர் இருந்தாரு. கிட்னி கெட்டுப் போயிட்டாரு."

"சரி, எப்ப வர்றீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

"யோசிங்க. ரொம்ப யோசிக்காதீங்க."

அவன் ரொம்பத்தான் யோசித்தான். பஸ்ஸில் யோசித்தான், லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து அது ஏறி இறங்கும் தண்டவாளத்துக்கு எண்ணெய் விடும்போது யோசித்தான். அவனோடு வேலை செய்கிறவனுக்கு 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். முறுக்கிய போல்டையே மூன்றாம் தடவையும் முறுக்கிப் பார்க்கிற ஆள். அவனே கேட்டான்: "என்னண்ணே, இடுப்புல பாம்பு கட்டியிருக்கிற மாதிரி நடக்கறீங்க?" "வேர்க்குரு" என்று சொல்லி வாயை அடைத்தான். வலிக்கு அவன் பயப்படவில்லை. ஒருமுறை கதவிடுக்கில் விரல் நசுங்கியபோதுகூட, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வேலையை முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினான். ஆனால் ஒரு மேசைமேல் படுத்து, தன்னைவிட இளையவர்கள் நாலு பேர் விளக்கைப் போட்டுக்கொண்டு பார்க்க, அங்கே கத்தி வைப்பதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதோடு ஆம்பிளைத்தனமும் போய்விடுமோ என்ற கவலை வேறு. யாரிடம் கேட்பது?

வீட்டில் அவன் கூடத்தில் படுக்க ஆரம்பித்திருந்தான். "உள்ள புழுக்கமா இருக்கு" என்பது அவன் சொன்ன காரணம். ஒரு விடுமுறை நாள், கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டே மனைவி கேட்டாள்.

"யாரு அவ?"

"எவ?"

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு கைக்குட்டை துவைச்சிருப்பீங்களா? இப்ப மட்டும் குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு ஜட்டியைத் துவைக்கறீங்க. நேத்து அவசரத்துல அலசாம விட்டதை நான் பாத்தேன். ரத்தமும் சீழுமா இருக்கு. எவகிட்டயோ வாங்கிட்டு வந்த சீக்கு. எவ அவ, சொல்லுங்க."

அவனுக்குக் காது மடல் சுட்டது. அப்படி ஒரு பேச்சு தன்மேல் விழும் என்று அவன் கனவிலும் எண்ணியதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, டாக்டர் சொன்னதை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். அவள் மடித்த சட்டையைப் பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

"வெட்டிட்டு வரச் சொன்னா வெட்டிட்டு வர வேண்டியதுதானே?"

"இது என்ன நகமாடி?"

"நகம்னா நானே வெட்டி விட்டிருப்பேனே" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறிவிட்டது.

"அழாத. அது ஒரு சாராருக்கு அவங்க சாமி சொன்னது. அவங்க செய்யறாங்க. நமக்கு எதுக்கு?"

"நமக்கு டாக்டர் சொல்றாரு. அவர் வாயில பேசறதும் சாமிதான்."

"நாளைக்கு நான் செத்தா, குளிப்பாட்டறவங்க பாத்து..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். அந்தப் பேச்சு அவனை வேறு ஒரு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

அது அவன் அண்ணன் செத்த அன்றைய வாசல். ஏழு வருஷம் ஆகிவிட்டது. குளிப்பாட்டத் தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்ற அவனை, அண்ணி அறைக்கதவில் கையை விரித்து மறித்துவிட்டாள். "ஆஸ்பத்திரியிலயே குளிப்பாட்டிட்டாங்க. யாரும் உள்ள வரக் கூடாது." அவளுக்குத் தையல் வேலை. கணவனின் உடம்பை வெள்ளைத் துணியில் சுற்றி, கழுத்திலிருந்து கால்வரை தன் கையாலேயே தைத்து மூடியிருந்தாள். முகம் மட்டும்தான் தெரிந்தது. இருவருக்கும் மூத்த அக்கா மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள்: "கூடப் பொறந்தவனை ஒரு செம்புத் தண்ணி ஊத்த விடல. என்னத்தை மறைக்கிறாளோ பாதகத்தி. விஷம் வெச்சுக் கொன்னாளோ என்னமோ!" அண்ணி தலை நிமிரவேயில்லை. நிரம்பிய குடத்தை அவன் அப்படியே வாசலில் கவிழ்த்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. விசேஷ வீடுகளில் அவள் உட்கார்ந்த பக்கம் அவன் போவதில்லை. அவனுக்குத் தெரியாமல் அவன் மனைவி மட்டும் ரவிக்கை தைக்கக் கொடுக்கிற சாக்கில் போய்வந்துகொண்டிருந்தாள்.

டாக்டரிடம் அவன் திரும்பப் போகவில்லை. "அடுத்த வாரம்" என்றான். அடுத்த வாரம் வந்ததும் அதற்கு அடுத்த வாரம் என்றான். மனைவி கெஞ்சினாள், சண்டை போட்டாள், சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில், தைக்க ஒன்றும் இல்லாமலேயே ஒருநாள் அண்ணி வீட்டுக்குப் போனாள்.

இரண்டு நாள் கழித்து அவன் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்டுக் குழியில் இறங்கி நின்றான். குழியில் கணுக்கால்வரை கசிவு நீர். லிஃப்டு மேலே நாலாவது மாடியில் நிறுத்தப்பட்டிருந்தது. சந்தேகம் மொட்டைமாடி மோட்டார் அறையில் இருந்தான். கீழ்த்தளக் கதவு திறந்திருந்ததால் குழியில் நிற்கிறவனுக்கு வராந்தாவில் நடப்பவர்களின் கால்கள்தான் தெரியும். கட்டடச் சங்கத்துச் செயலாளரின் கால்கள் வந்து நின்றன.

"கயிறு மாத்தறதை அடுத்த மாசம் வெச்சுக்கலாமாப்பா? இப்ப ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

"சார், இழை ஒவ்வொண்ணா அறுந்துக்கிட்டு வருது. வெளிய பாத்தா கயிறு மாதிரிதான் இருக்கும். மாத்தற வரைக்கும் லிஃப்டை ஓட்ட விட மாட்டேன். படியில ஏறிப் போங்க."

கால்கள் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டன. கொஞ்ச நேரத்தில் வேறு இரண்டு கால்கள் வந்து நின்றன. வார் தேய்ந்த செருப்பு, பாதத்தில் ஒட்டிக்கொண்ட நூல்துணுக்கு.

"தம்பி" என்றது குரல்.

அவன் கையிலிருந்த ஸ்பானர் அப்படியே நின்றது. ஏழு வருஷமானாலும் குரல் மறந்துவிடுமா?

"மேல வராதீங்க தம்பி. அங்கேயே நில்லுங்க. மூஞ்சியைப் பாத்தா எனக்குப் பேச வராது. அண்ணி கொழுந்தன்கிட்ட பேசற பேச்சு இல்ல இது."

குழிக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"உங்க அண்ணனுக்குக் கிட்னி நல்லாத்தான் இருந்தது."

"என்ன சொல்றீங்க?"

"உங்களுக்கு வந்த இதேதான் அவருக்கும் வந்தது. எடுத்துடலாம்னு டாக்டர் சொன்னாரு. 'நான் ஆம்பிளடி, அங்க ஒருத்தன் கை வைக்கறதுக்குச் செத்துடலாம்'னாரு. நான் கால்ல விழுந்தேன். ஆபரேஷனுக்கப்புறம் உறுத்தக் கூடாதுன்னு தளர்வா ஒரு பைஜாமாகூட தைச்சு வெச்சேன். அதை ஜன்னல் வழியா எறிஞ்சாரு. ஒரு வருஷம் போச்சு. புண்ணு புத்துநோயாச்சு. கவட்டுல கட்டி கட்டியா ஏறிச்சு. கடைசியில முழுசா எடுத்தாங்க தம்பி. முழுசா. எடுத்தும் நிக்கல. அந்த வாடையை மறைக்க நான் ஏத்தாத ஊதுவத்தி இல்ல."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். கையில் கிரீஸ் அப்பியது.

"சாகறதுக்கு முந்தி என் கையை அவர் தலையில வெச்சு சத்தியம் வாங்கினாரு. 'என்னை என் தம்பி பாக்கக் கூடாது. எல்லாருக்கும் கிட்னின்னு சொல்லு'ன்னு. அதான் தைச்சு மூடினேன். அதான் உங்களை உள்ள விடல."

"எங்ககிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணி..."

ஏழு வருஷத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் 'அண்ணி' அது. மேலே தேய்ந்த செருப்பு ஓரடி குழிப்பக்கம் வந்தது.

"சத்தியம் பண்ணினேனே. இன்னிக்குத்தான் உடைச்சேன். அதுக்கு என்ன தண்டனையோ அதை ஆண்டவன் எனக்குக் குடுக்கட்டும். வர்ற வழியெல்லாம் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டேதான் வந்தேன். செத்தவரோட மானத்தைக் காப்பாத்த ஏழு வருஷம் பேச்சு வாங்கினேன். உயிரோட இருக்கிற உங்களை அதுக்குப் பலி குடுக்க மாட்டேன்." குரல் உடைந்தது. "இப்ப நான் வர்றப்போ அந்த மனுஷன்கிட்ட கயிறைப் பத்தி என்னமோ சொன்னீங்களே, தம்பி. அதை உங்களுக்கும் சொல்லிக்கோங்க."

கால்கள் நகர்ந்தன. அவன் ஏணியில் ஏறி மேலே வந்தபோது வராந்தா காலியாக இருந்தது. வாசற்படியோரம் ஒரு துணிப்பை. உள்ளே வெளிறிப்போன பருத்திப் பைஜாமா. நாடா கோத்தபடியே இருந்தது, ஒருமுறைகூட முடிச்சு விழாத நாடா. எறிந்ததை எடுத்து, துவைத்து, மடித்து வைத்திருக்கிறாள்.

மேலிருந்து சந்தேகம் கத்தினான்: "அண்ணே, லிஃப்டைக் கீழ இறக்கி நிறுத்திப் பூட்டிடலாமா? குழியில யாரும் இல்லையே? நல்லாப் பாத்துட்டீங்களா?"

"யாரும் இல்லடா" என்று கத்திவிட்டு அவன் படியில் உட்கார்ந்து அழுதான்.

அந்த வாரமே போனான். மேசைமேல் படுத்தான். ஊசி போட்ட பிறகு வலி ஒன்றும் தெரியவில்லை. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்த நர்ஸ் ஒருத்தி அவன் தோளில் கை வைத்து, "யாரும் உங்களையே பாத்துக்கிட்டு இருக்கல அய்யா, வேலையைத்தான் பாக்கறோம்" என்றாள். அவன் ஒரு வருஷமாகச் சுமந்த வெட்கத்தில் பாதி அந்தச் சொல்லிலேயே இறங்கிப் போயிற்று.

மீதிப் பாதியை நோய் எடுத்துக்கொண்டது. சோதனையில் வந்த முடிவு நல்லதாக இல்லை. புற்றுதான், ஆனால் இன்னும் வேர் ஆழமாக இறங்கவில்லை என்றார் டாக்டர். இன்னொரு முறை படுக்க வேண்டும்; இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும்; அதற்கப்புறமும் வாழ்நாள் முழுக்கக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். "இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா?" என்று மனைவி கேட்டாள். டாக்டர் சீட்டில் அடுத்த தேதியைக் குறித்தார்.

இரண்டாம் ஆபரேஷன் முடிந்து அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தப் பைஜாமாவோடு படுத்திருந்தபோது அக்கா பார்க்க வந்தாள். 'குடலிறக்கம்' என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டது அண்ணிதான். கிண்ணத்தில் கஞ்சியை ஆற்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஓ... ஒருத்தனுக்குத் தண்ணிகூட ஊத்த விடாம அனுப்பினது பத்தல, இவனுக்குக் கஞ்சி ஊத்த வந்துட்டாளா மகராசி?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி கிண்ணத்தை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணி, நில்லுங்க" என்றான் அவன். முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் எழுந்தான். வலி இடுப்பைப் பிடித்து இழுத்தது. "அக்கா, எனக்கு என்ன ஆபரேஷன்னு உனக்குத் தெரியுமா?"

"குடலிறக்கம்னாங்க."

"இல்ல. ஆம்பிளை உறுப்புல புத்துநோய். முதல்ல சுன்னத்துப் பண்ணாங்க. பத்தல. இப்ப கொஞ்சம் வெட்டி எடுத்திருக்காங்க."

வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

"யார்கிட்டயும் சொல்லாம சாகறதுன்னு இருந்தேன். அண்ணிதான் வந்து போகச் சொன்னாங்க. அவங்க வரலேன்னா என்னையும் கழுத்துலேருந்து காலு வரைக்கும் தைச்சு மூடித்தான் உனக்குக் காட்டியிருப்பாங்க. அப்பவும் நீ வாசல்ல நின்னு கத்தியிருப்ப."

அண்ணனைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அக்கா அவனைப் பார்த்தாள். அவன் உடுத்தியிருந்த வெளிறிய பைஜாமாவைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு, தலையை மெல்ல ஆட்டி, 'வேண்டாம், கேட்காதீங்க' என்பதுபோல நின்றாள்.

அக்காவின் முகம் சுருங்கியது. திறந்த வாய் மூடவில்லை. "ஐயோ, என் தம்பி..." என்றாள். எந்தத் தம்பியைச் சொன்னாள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

கட்டிலோரம் ஒரே ஒரு முக்காலிதான் இருந்தது. தன் பருத்த உடம்போடு மாடி ஏறி வந்த மூச்சு அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. அந்த முக்காலியைக் காலால் இழுத்து அண்ணியின் பக்கம் தள்ளினாள்.

"உக்காரு" என்றாள். முக்காலியை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் சொன்னாள்: "உக்காரும்மா. எவ்வளவு நேரம் நிப்ப?"

அண்ணி உட்கார்ந்தாள். கிண்ணத்தை எடுத்தாள். கஞ்சி ஆறிப் போயிருந்தது. அவன் அதைக் கடைசிவரை குடித்தான்.