பதினெட்டாம் பக்கத்தில் என் மூஞ்சி

அக்கா போட்டோ ஆல்பம் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறாள். "வாட்ஸப்புல அனுப்பிட்டு, மங்கலா வந்திருக்குன்னு எங்கிட்ட சண்டைக்கு வராங்கடா" என்று ஓயாமல் புலம்புவாள். கூடப் பிறந்த பாவத்துக்கு ஒரு ஆப் எழுதிக் கொடுத்தேன். வாடிக்கையாளர் தன் போனில் வேண்டிய படங்களைத் தொட்டால் போதும். தொட்டவை மட்டும் கடைக்கு வரும். மற்றதை என் ஆப் எட்டிக்கூடப் பார்க்காது. அடுத்தவர் வீட்டு அலமாரியைக் குடையும் ஆப்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை நான் ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டதும் உண்மை.

முதல் ஆர்டர் ஒரு நர்ஸம்மாவிடமிருந்து வந்தது. முப்பது படம், முப்பது பக்கம். அவர் தம்பி மறுநாள் காலை கப்பல் வேலைக்குக் கிளம்புகிறான். திரும்பி வர ஒன்பது மாதம் ஆகும். அதற்குள் ஆல்பம் அவன் பெட்டிக்குள் போயாக வேண்டும். மாலை ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

நாலு மணிக்கு அக்கா போன் செய்தாள். "கிளம்பி வா." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

போனேன். மேஜைமேல் ஆல்பம் விரிந்து கிடந்தது. பதினெட்டாம் பக்கம் முழுக்க, வாயெல்லாம் பற்பசை நுரையோடு நான்.

"யாருடா இது? நர்ஸம்மாவுக்கு சொந்தமா?"

அசடு வழிந்தேன். ஆப் எழுதும்போது, படம் வந்து சேராத இடத்தில் தற்காலிகமாகக் கைக்குக் கிடைத்த எதையாவது போட்டு வைப்போம். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். நான் போட்டது நான் பல் தேய்க்கிற படம்; எடுக்க மறந்து தொலைத்தேன். என் படங்களெல்லாம் போனிலேயே இருந்ததால், சோதித்துப் பார்த்தபோது அந்த மூஞ்சி ஒருமுறைகூட வெளியே வரவில்லை. நர்ஸம்மாவின் போனில் இடம் நிரம்பி, ஏதோ ஒரு பழைய படம் போனைவிட்டு இணையக் கிடங்கான கிளவுடுக்குப் போயிருக்கிறது. அது இறங்கி வரக் கொஞ்ச நேரம் ஆகும். என் அவசரக்குடுக்கை ஆப் காத்திருக்கவில்லை.

"சரி, சரியான படத்த எடுத்துப் போடு."

"முடியாதுக்கா. அவங்க போனுக்குள்ள நம்ம ஆப் போகாது. அவங்களே திரும்பத் தொட்டுக் கொடுக்கணும்."

"அப்ப அவங்ககிட்ட நீயே சொல்லு. என்னை இழுக்காத."

ஆறு மணிக்குள் ஆப்பைச் சரிசெய்துவிட்டேன். நர்ஸம்மா டியூட்டி உடையிலேயே வந்தார். நான் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா இங்க எந்தப் படம் கொடுத்தேன்னு ஞாபகமே இல்லையே" என்றார். ஆப்பும் அதைக் குறித்து வைக்கவில்லை. மற்றதைப் பார்த்தால் நினைவு வரும் என்று முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். சைக்கிளில் தம்பி, கால் உடைந்து கட்டிலில் தம்பி, அம்மா அப்பாவோடு தம்பி. புரட்டப் புரட்டக் கை மெதுவானது. கடைசிப் பக்கத்தை மூடியபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"நான் ஒண்ணுலயும் இல்ல. எடுக்கிறவ நான்தானே."

போனில் தேடினார். கட்டைவிரல் வருஷக்கணக்காகக் கீழே போனது. கிடைத்ததெல்லாம் அடையாள அட்டைக்கு எடுத்த ஒரே படம். "ஒன்பது மாசம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"போனை இங்க கொடுங்க" என்றாள் அக்கா. ஜன்னல் பக்கம் நிற்க வைத்து, அவர் சுதாரிப்பதற்குள் ஒன்று எடுத்தாள். "அய்யோ, இருங்க இருங்க" என்று அவர் பதற, சீப்பை நீட்டினாள். தலை சீவி, நிமிர்ந்து, புன்னகையோடு இன்னும் மூன்று.

ஆப்பைத் திறந்தார். நான்கு படங்களும் மேல் வரிசையில் நின்றன. போனிலேயே இருப்பவை, காத்திருக்க வேண்டியதில்லை. அவர் விரல் முதல் படத்துக்குப் போனது. அதில் முடி பறந்து, கண் சோர்ந்து, யாரையோ அதட்டுகிற வாய்.

"அது வேண்டாங்க, தல கலைஞ்சிருக்கு" என்றாள் அக்கா.

"இருக்கட்டும். நான் வீட்டுக்குள்ள நுழையறப்ப அவன் பாக்கிற மூஞ்சி இதுதான்" என்று சொல்லி, அதைத் தொட்டார்.