எஸல் டோல்பர்ட்டின் சாட்சியம்

அலபாமாவில் எங்கள் ஊர் மாட்டு ஏலச் சந்தையில் கறுப்பர்களான எஸல் டோல்பர்ட்டும் நானும் பதினொரு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். லாரியிலிருந்து இறங்கும் மாடுகளைக் குறுகலான மரத் தடுப்புகளுக்கு இடையே ஓட்டி ஏல மேடைக்குக் கொண்டுபோவது எங்கள் வேலை. மிரண்டு நிற்கிற மாட்டை ஆரம்பத்தில் ஆணி வைத்த கம்பால் குத்துவோம். தோல் கிழிந்தால் விலை போகாது. அதனால்தான் கரண்டு தடி வந்தது. குழாய்க்குள் வரிசையாக பேட்டரிகள், ஒரு கம்பிச் சுருள், நுனியில் இரண்டு பித்தளை முனைகள். தொட்டால் மாடு துள்ளி ஓடும், காயம் வெளியே தெரியாது. முதலாளி கிளீட் ஹார்கிஸுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

எஸல் அண்ணன் அதை அதிகம் எடுக்க மாட்டார். தோளைக் கொடுத்துத் தள்ளியே பாதி மாடுகளை நகர்த்திவிடுவார். ஆனால் தடி பழுதானால் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலாம் வருடம், ஜூன் மாதம். ஹார்கிஸ் அவரைக் கூப்பிட்டார். நானும் பேட்டரிப் பெட்டியோடு பின்னால் போனேன். மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரீஃபின் ஆட்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். மேஜைமேல் பன்னிரண்டு புதுத் தடிகள்.

"எஸல், இவங்களுக்கு இதப் பிடிக்கத் தெரியல. சொல்லிக்கொடு."

"ஷெரீஃப் மாடு வாங்கிட்டாருங்களா, மிஸ்டர் கிளீட்?"

மூவரும் சிரித்தார்கள். பர்விஸ் என்பவன் சொன்னான்: "ஜெயில்ல முரட்டுக் காளைங்க நாலஞ்சு இருக்கு."

எஸல் அண்ணன் சிரிக்கவில்லை. பேட்டரி போடும் விதத்தைக் காட்டினார். முனைகள் இரண்டும் ஒரே நேரத்தில் படவேண்டும் என்றார். பர்விஸ் விடவில்லை.

"இன்னும் சுருக்குன்னு ஏற என்ன பண்ணணும்?"

"காஞ்ச தோல்ல அவ்வளவா ஏறாது. ஒரு வாளித் தண்ணிய ஊத்திட்டுத் தொடணும்."

தொழிலைப் பற்றிக் கேட்டதற்குத் தொழில்காரர் சொன்ன பதில். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அவருடைய மகள் வெர்னெல் வீட்டில் சொல்லாமல் கோர்ட்டு வாசலுக்குப் போனாள். பதினேழு வயது. வெள்ளைக்காரர்கள் எங்களை ஓட்டுப் போட விடாத காலம் அது; வாக்காளர் பட்டியலில் பெயர் பதியப் போன எங்கள் பெரியவர்களுக்குத் துணையாக நாற்பது பிள்ளைகள் போயிருந்தார்கள். சாயங்காலம் நானும் எஸல் அண்ணனும் வேலை முடிந்து வந்தபோது, அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி ஒடெஸா ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். கழுத்தில், இடுப்பில், கெண்டைக்காலில் சிவப்புப் புள்ளிகள். எல்லாம் இரட்டை இரட்டையாக.

யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எத்தன தடவ?" என்றார் எஸல் அண்ணன்.

"எண்ணல, அப்பா. மொதல்ல ஷெரீஃப் ஆளுங்க வாளி வாளியா தண்ணி ஊத்தினாங்க. வெயிலுக்கு இதமா இருக்குன்னு கூட வந்த ஐமோஜீன் சிரிச்சாகூட. அப்புறம்தான் தொட்டாங்க."

 அவர், "தண்ணி ஊத்தச் சொல்லிக்கொடுத்தது நான்தாம்மா" என்றார்.

வெர்னெல் நிமிர்ந்து பார்த்தாள். "மாட்டுக்குன்னு நெனச்சுச் சொன்னீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நானும் தலையாட்டியிருப்பேன்.

"இல்ல. ஜெயிலுக்குன்னு சொன்னாங்க. ஜெயில்ல யாரு கெடக்குறாங்கன்னு எனக்குத் தெரியும்."

அவள் எழுந்து உள்ளே போனாள். ஒன்பது நாள் அப்பாவோடு பேசவில்லை.

ஷெரீஃபோ, வரிசை கலையாமல் இருக்கத்தான் தொட்டோம், அது வெறும் கிச்சுகிச்சு மூட்டுவது போலத்தான் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். மாண்ட்காமரியிலிருந்து ஒரு வக்கீல் வந்து, பிள்ளைகள் சார்பில் வழக்குப் போட்டுச் சாட்சி தேடினார். எஸல் அண்ணன் தானாகப் போய்ப் பெயர் கொடுத்தார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"ஹோஸியா, நீயும் அங்க இருந்த. ரெண்டு பேர் சொன்னா பலம்."

"எனக்குக் கொழந்தைங்க சின்னதுங்க, அண்ணே."

அவர் வற்புறுத்தவில்லை. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கோர்ட்டில் நடந்ததை ஒடெஸா அண்ணிதான் வந்து சொன்னார். ஷெரீஃப் தரப்பு வக்கீல் எஸல் அண்ணனைப் பார்த்து எகத்தாளமாகக் கேட்டாராம்: "பதினோரு வருஷமா மாட்டத் தொட்டிருக்கே. ஒரு மாடாவது செத்துதா?"

"ஓட வழியிருந்தா மாடு ஓடிடும். முன்னால அடைச்சிருந்தா முட்டி போட்டு விழுந்து கத்தும். இந்தப் பிள்ளைங்கள ஓடவிடாம சுத்தி நின்னு தொட்டிருக்காங்க."

"நீ பாத்தியா?"

"பாக்கல. ஓடுற உயிருக்குக் காயம் பின்னாலதான் இருக்கும். எம் பொண்ணுக்கு நாலு பக்கமும் இருக்கு."

நீதிபதி எழுதுவதை நிறுத்தி, அவர்களுக்கு இதைப் பழக்கியது யார் என்று கேட்டார். "நான்தாங்க" என்றார் எஸல் அண்ணன். கூண்டிலிருந்து இறங்கி வந்தபோது, வெர்னெல் பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். தன் கையை அவர் கைமேல் வைத்தாள் என்று அண்ணி சொன்னார்.

எங்கள் மாவட்டத்தில் மனிதர்மேல் அந்தத் தடியை நீட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஹார்கிஸ் எஸல் அண்ணனைச் சந்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். குடும்பத்தோடு மொபைல் என்கிற கடலோர ஊருக்குப் போய், துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அறுபத்தொன்பது வயதுவரை இருந்தார்.

வெர்னெல் பள்ளிக்கூட ஆசிரியை ஆனாள். இப்போதெல்லாம் போலீஸ்காரர்கள் இடுப்பில் கம்பி பாய்ச்சும் கரண்டு துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அது உயிரைக் காக்கிற கருவி என்கிறார்கள். சில நேரம் உண்மையாகவும் இருக்கலாம் என்பாள் அவள். ஆனால் செய்தியில் அதைக் காட்டினால் தொலைக்காட்சியை அணைத்துவிடுவாள்.

நான் சந்தையில் இன்னும் ஆறு வருடம் இருந்தேன். எஸல் அண்ணனின் அடக்கத்துக்கு மொபைலுக்குப் போனபோது, அவள் என்னைத் தனியாகக் கேட்டாள்.

"அன்னைக்குக் கோர்ட்டுக்கு நீங்க ஏன் வரல, சித்தப்பா?"

"பயம், கண்ணு."

 "அப்பாவுக்கும் பயம்தான். மூணு ராத்திரி தூங்கல" என்றாள்.  சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.